வத்தல் போன வழியும் அரிசி வந்த வழியும்

மாசி, பங்குனியில் நரிக்குடியிலிருந்து திருச்சுழி போகும் பாதையில் களங்கள் எல்லாம் சிவந்து கிடக்கும். கண்மாய்க்கரையில், வீட்டு முற்றத்தில், சில இடங்களில் தார்ச்சாலையின் ஓரத்தில்கூட மிளகாய் வத்தல் காயும். காய்ந்ததைக் குவித்து வைத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து தரம் பிரிப்பார்கள். தோல் தடித்து, கருஞ்சிவப்பாக, காம்பு உதிராமல், காதருகே குலுக்கினால் விதை கலகலக்கிற வத்தல் ஒரு பக்கம். மழையில் நனைந்தோ நோய் தாக்கியோ வெளுத்துப்போன சோடை வத்தல் இன்னொரு பக்கம். முதல் குவியல் சாக்கில் ஏறி விருதுநகருக்கோ பரமக்குடிக்கோ போய்விடும். சோடையில் ஒரு பங்கு குறைந்த விலைக்குப் போகும், மிச்சம் வீட்டுக் குழம்புக்கு.

விளைவித்தவர் வீட்டு அடுப்பில் இரண்டாம் தரமும் வாங்குகிறவர் வீட்டு அடுப்பில் முதல் தரமும் வேகிற இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததல்ல. சந்தை, பேட்டை, மண்டி, பலசரக்குக் கடை, ரேஷன் கடை, பாக்கெட் என்று இருநூறு ஆண்டுக்கு மேலாக ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தவை அதை உண்டாக்கின. நல்ல சாப்பாடு எது, அதை யார் பார்த்துச் சொல்வது என்ற அதிகாரம் அந்தப் பாதையில் கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வட்டாரம் வானம் பார்த்த பூமி. குண்டாறும் கிருதுமால் நதியும் வரைபடத்தில் நீலக்கோடாக ஓடும், தரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான். ஐப்பசி, கார்த்திகை மழை கண்மாயை நிறைத்தால் கண்மாய்க்குக் கீழே நெல். மற்ற காடுகளில் பருத்தி, வத்தல், மல்லி, சோளம், கம்பு, குதிரைவாலி. வீடுகளில் தினசரிச் சாப்பாடு கம்மங்கஞ்சியும் சோளச்சோறும் குதிரைவாலிச் சோறும்தான். நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விருந்தாளி வந்தாலும் என்று இருந்த காலத்தை இன்றைய எழுபது வயதுக்காரர்கள் நன்றாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் கடையில் வாங்க வேண்டியது கொஞ்சம்தான். தானியம் குலுக்கையில் இருந்தது. பருப்பைத் திருகையில் உடைத்தார்கள், வத்தலை உரலில் இடித்தார்கள். வெளியிலிருந்து வர வேண்டியவை உப்பு, கருவாடு, கருப்பட்டி, எண்ணெய், மண்பானை, துணி. இவற்றுக்குத்தான் சந்தை. நரிக்குடியை அடுத்த வீரசோழனின் வாரச்சந்தைக்கு இன்றும் சுற்றுப்பட்டு ஊர்கள் போய்வருகின்றன. வாரச்சந்தையில் வாங்குவதற்கு ஒரு முறை உண்டு. மூட்டையின் மேல் வாயில் கிடக்கிற வத்தலை யாரும் பார்த்து வாங்குவதில்லை. முழங்கை வரை கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ள வேண்டும். எடை கூட்டத் தண்ணீர் தெளித்திருந்தால் உள்ளே ஈரம் கையில் படும். ஒன்றை ஒடித்தால் ‘சடக்’ என்று ஒடிய வேண்டும், வளைந்தால் காயவில்லை என்று பொருள். மல்லியைக் கசக்கி முகர்வார்கள். கருவாட்டின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். விலை முடிந்த பிறகும் கொசுறு வாங்காமல் யாரும் நகர்வதில்லை.

இதைப் பொற்காலம் என்று எழுதிவிட முடியாது. தொட்டுப் பார்த்து வாங்கும் உரிமை ஊரில் எல்லாருக்கும் இருக்கவில்லை. தலித் மக்கள் கடைத் திண்ணைக்குக் கீழே நின்று, காசைத் தரையில் வைத்துவிட்டு, கொடுத்ததை வாங்கிப் போன காலம் அது. கூலியைத் தானியமாக அளந்த இடங்களில் எந்தத் தானியம், எந்தத் தரம் என்பதை அளந்தவர்தான் தீர்மானித்தார். அளவிலும் ஏமாற்று இருந்தது. ஊருக்கு ஊர் படி வேறு. ஒரே படியைக் குவித்து அளந்தால் ஒரு கணக்கு, தலையைத் தட்டி அளந்தால் இன்னொரு கணக்கு. வாங்கும்போது குவியலும் விற்கும்போது தட்டலுமாக அளந்தே வீடு கட்டியவர்கள் உண்டு. களத்தில் முதல் படியை ‘ஒன்று’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று சொல்லி அடுத்ததை இரண்டு என்று எண்ணுகிற வழக்கத்தில் நல்வாக்கு இருந்தது, அளவு மோசடியைத் தடுக்கிற வலு அதில் இல்லை. மெட்ரிக் எடையும் லிட்டரும் 1960-களின் தொடக்கத்தில் கட்டாயமான பிறகுதான் ஊருக்கு ஊர் வேறான படிகள் செல்லாக்காசாயின.

நரிக்குடி ஒரு சத்திரத்து ஊரும்கூட. ராமேஸ்வரம் போகிற யாத்திரைக்காரர்களுக்காக மருது சகோதரர்கள் கட்டியது என்று ஊரார் சொல்லும் சத்திரம் இங்கே உண்டு. சகோதரர்கள் பிறந்த முக்குளமும் பக்கத்தில்தான். 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் அவர்கள் தூக்கிலிடப்பட்ட பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி இந்தச் சீமையில் நிலைத்தது. பாளையக்காரர் போர்கள் ஓய்ந்து வழிகள் ஓரளவு பத்திரமானதும் தெற்கே திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து நாடார் வணிகர்கள் மாட்டின் மேலும் வண்டியிலும் கருப்பட்டி, உப்பு, கருவாடு ஏற்றிக்கொண்டு வடக்கே வந்தார்கள்.

வழியில் கொள்ளை பயம். அதனால் சுற்றுச்சுவர் எழுப்பிப் பேட்டைகள் அமைத்தார்கள். வண்டியும் மாடும் சரக்கும் ஆளும் இரவு தங்குகிற இடம் பேட்டை. அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), சிவகாசி, திருமங்கலம், சாத்தங்குடி என்று ஆறு ஊர்களில் இந்த வணிகர்கள் ஊன்றினார்கள். பேட்டைக்கு வந்த ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகையை மகமையாகத் தங்கள் சமூகச் சங்கமான உறவின்முறைக்குக் கட்டினார்கள். அந்தக் காசில் கிணறு வெட்டினார்கள், கோயில் கட்டினார்கள், பிறகு பள்ளிக்கூடம் வைத்தார்கள். விருதுபட்டியில் 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைக்கு வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து வைத்த கதை தமிழ்நாடே அறிந்தது. அங்கே படித்தவர்களில் ஒருவர் காமராஜர். பலசரக்கு மூட்டையிலிருந்து ஒரு சமூகம் எழுந்த கதையை இவ்வளவு தெளிவாகக் காட்டுகிற ஊர்கள் தென்னாட்டில் வேறு இல்லை. அதே வணிகர்கள் கோயிலுக்குள் நுழைய முடியாதவர்களாகவும் இருந்தார்கள். 1897-இல் கமுதிக் கோயில் நுழைவில் தொடங்கிய வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. அவர்கள் கடையிலிருந்து உப்பு வாங்கித்தான் மேல்சாதி வீடுகளில் உலை கொதித்தது.

அருப்புக்கோட்டையை விருதுபட்டி முந்தியதற்கு ரயில் ஒரு முக்கியக் காரணம். மதுரை – தூத்துக்குடிப் பாதை 1876-இல் திறந்தபோது அது விருதுபட்டி வழியாகப் போனது. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் ரயில் வந்தது 1963-64-இல்தான், விருதுநகர் – மானாமதுரைப் பாதையாக. இடைப்பட்ட எண்பத்தேழு ஆண்டுகளில் வியாபாரம் யார் கையில் குவியும் என்பது முடிவாகிவிட்டது. 1923-இல் விருதுநகர் என்று பெயர் மாற்றிக்கொண்ட அந்த ஊரில் வயல் குறைவு, மண்டி அதிகம். எதையும் விளைவிக்காமல் எல்லாவற்றின் விலையையும் சொல்கிற ஊர் என்று பெயர் வாங்கியது. வத்தல், மல்லி, துவரை, உளுந்து, கடலை எண்ணெய், நல்லெண்ணெய் ஆகியவற்றின் விருதுநகர் மார்க்கெட் நிலவரம் இன்றைக்கும் நாளிதழ்களில் வருகிறது. நரிக்குடிச் சம்சாரி (விவசாயி) தன் சரக்கின் விலையை அந்தத் தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்.

ரயில் வந்த அதே 1876-இல் தாது வருஷப் பஞ்சமும் தொடங்கியது. 1878 வரை சென்னை மாகாணத்தை அது சூறையாடியது. மழையில்லாத சீமைக்குத் தானியம் கொண்டுவர ரயில் பயன்பட்டது உண்மை. கையில் காசில்லாதவனுக்கு அந்தத் தானியம் எட்டவில்லை என்பதும் உண்மை. நிவாரண வேலைக்குப் போனவருக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று பிரிட்டிஷ் இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் 1877-இல் கணக்குப் போட்டார். அரைக் கிலோவுக்கும் குறைவு, அதுவும் மண் சுமக்கிற ஆளுக்கு. அதே ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது.

அந்த இங்கிலாந்தின் ஏழைகளும் நல்ல மாவுக்காகத் தவித்தவர்கள்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கே மாவில் சுண்ணாம்பும் ரொட்டியில் படிகாரமும் கலந்து விற்றார்கள். தலைமுறை தலைமுறையாகக் கடன் கணக்கு நோட்டில் மாட்டிக்கொண்ட மில் தொழிலாளிகளில் 28 பேர் ராச்டேல் நகரில் ஆளுக்கு ஒரு பவுன் போட்டு 1844 டிசம்பர் 21 அன்று ஒரு சிறு கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவத்தி, இவ்வளவுதான் சரக்கு. கலப்படமில்லாத பொருள், சரியான எடை, கடன் கிடையாது, லாபம் வாங்கினவருக்கே என்பது விதி. 1858-இல் பிராட்ஃபோர்டு சந்தையில் விற்ற மிட்டாயில் தவறுதலாக ஆர்சனிக் கலந்து சுமார் 20 பேர் இறந்தபோது ராச்டேல்காரர்கள் சொன்னதன் அருமை நாட்டுக்குப் புரிந்தது. கலப்படத்தைத் தடுக்கிற வலுவான சட்டம் 1875-இல் வந்தது.

ராச்டேல் வழி சென்னைக்கு வந்து சேர அறுபது ஆண்டு ஆனது. 1904-இல் திருவல்லிக்கேணியில் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி முதலானோர் தொடங்கிய நகரக் கூட்டுறவுச் சங்கம் நடுத்தர வர்க்கத்துக்கு மளிகை விற்றது. அதன் கிளையாறுகளில் ஒன்றுதான் இன்று நரிக்குடிப் பக்கத்துக் கிராமங்களில் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் திறக்கிற ரேஷன் கடை. இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ராச்டேலில் வாங்குகிறவர்தான் கடையின் சொந்தக்காரர், எந்த மாவு வாங்குவது என்று கூட்டத்தில் கை தூக்கினார். இங்கே வாங்குகிறவர் கார்டைக் காட்டி, கைரேகை வைத்து, வந்ததை வாங்கிப் போகிறார்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில்தான் ரேஷன் என்ற சொல் ஊருக்குள் வந்தது. பிரிட்டனில் 1940 முதல் 1954 வரை, ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் முடிந்த 1939 முதல் 1952 வரை, சென்னை மாகாணத்தில் 1943 முதல் 1952 வரை உணவுப் பங்கீடு நடந்தது. பிரிட்டனில் பங்கீடு ஏழையின் தட்டை ஓரளவு உயர்த்தியது, குழந்தைகளுக்குப் பாலும் ஆரஞ்சுச் சாறும் கிடைத்தன. ஸ்பெயினில் பங்கீட்டுக் கடையில் கிடைத்தது போதாமல் கறுப்புச் சந்தை கொழுத்தது. சென்னையில் அரிசிக் கட்டுப்பாட்டை முதலமைச்சர் ராஜாஜி 1952-இல் எடுத்தார்.

கட்டுப்பாடு போனாலும் அரிசி ஆசை போகவில்லை. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி ஆட்சியையே மாற்றியது, சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படியாக அது நடைமுறைக்கு வந்தது. 1972-இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. ரேஷன் அரிசி 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூனில் இலவசம். அதற்கு முன்பே 2007-இல் துவரம்பருப்பும் பாமாயிலும் சேர்ந்திருந்தன. வானம் பொய்த்த ஆண்டுகளில் நரிக்குடி, திருச்சுழிக் கிராமங்களில் பட்டினிச் சாவு இல்லாமல் போனதற்கு இந்த அரிசிதான் காரணம், இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. திண்ணைக்குக் கீழே நின்றவரையும் மேலே நின்றவரையும் ஒரே வரிசையில் நிறுத்தியதும் இந்தக் கடைதான்.

ஆனால் அந்த அரிசி வந்த வேகத்தில் குதிரைவாலி காட்டை விட்டே போய்க்கொண்டிருந்தது. குதிரைவாலியைக் குத்தி, புடைத்து, கல் பார்த்துச் சோறாக்குவதற்குள் ஒரு பெண்ணின் அரைநாள் போய்விடும். இலவச அரிசி அந்த உழைப்பிலிருந்து விடுதலை கொடுத்தது, அதை யாரும் குறை சொல்ல முடியாது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. வாடை அடிக்கிற அரிசி வந்தால் வீட்டில் சோறு வடிக்காமல் இட்லி மாவுக்குப் போடுவதும், கோழிக்கு இறைப்பதும், வீடு தேடி வருகிறவரிடம் கிலோ சில ரூபாய்க்குக் கொடுத்துவிட்டுக் கடையில் பொன்னி வாங்குவதும் பழகிப்போயின. சந்தையில் முழங்கை வரை கைவிட்டு வத்தல் பார்த்த அதே அம்மா ரேஷன் கடையில் மூட்டைக்குள் கைவிட முடியாது.

அடுத்து வந்தது பாக்கெட். செக்கில் ஆட்டிய எண்ணெய் தகர டின்னுக்கு மாறி, பிறகு பிளாஸ்டிக் உறைக்குள் போனது. வத்தலை வாங்கி வெயிலில் காயவைத்து மில்லில் திரித்து வந்த வீடுகளில் மசாலாப் பொடி பாக்கெட் தொங்குகிறது. நரிக்குடிப் பலசரக்குக் கடையில் ஐந்து ரூபாய் வத்தல்பொடிச் சரம் வாசலில் ஆடுகிறது. அதற்குள் இருப்பது எந்த ஊர் வத்தல் என்று கடைக்காரருக்கும் தெரியாது. பத்து மைலில் விளைந்தது நூறு மைல் போய்ப் பொடியாகி அதே ஊருக்குத் திரும்பி வந்திருக்கலாம்.

உதிரியாக விற்பதா, பாக்கெட்டில் விற்பதா, எது பத்திரம் என்ற கேள்விக்கு உலகம் இரண்டு பக்கத்துக்கும் சாட்சி சொல்கிறது. ஸ்பெயின் சந்தைக்குப் பேர்போன நாடு, மீனும் காயும் பழமும் நகராட்சிச் சந்தையில் கண்முன்னே விரிந்து கிடக்கும். அங்கேதான் 1981-இல் தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கு இறக்குமதியான கடுகின எண்ணெயைச் சுத்திகரித்து, சமையல் எண்ணெய் என்று ஐந்து லிட்டர் கேன்களில் லேபிள் இல்லாமல் தெருச் சந்தைகளில் விற்றார்கள். 20,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், 300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விலை குறைவு என்று வாங்கிய தொழிலாளர் குடும்பங்களே அதிகம். பிரிட்டன் சூப்பர்மார்க்கெட் நாடு, எல்லாவற்றுக்கும் லேபிள் உண்டு. அங்கே 2013-இல் மாட்டிறைச்சி என்று அச்சடித்த பாக்கெட்டுகளில் குதிரை இறைச்சி இருந்தது தெரியவந்தது.

வத்தலே அந்த நாட்டைக் கலக்கிய கதையும் உண்டு. 2005 பிப்ரவரியில் பிரிட்டனில் 400-க்கும் மேற்பட்ட உணவுப் பொருட்களைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். சாஸ், சூப், சமைத்து வைத்த உணவு எல்லாவற்றிலும் சூடான்-1 என்ற சாயம் இருந்தது. துணிக்கும் மெழுகுக்கும் போடுகிற சாயம் அது. இந்தியாவிலிருந்து போன வத்தல்பொடியில் நிறம் ஏற்றக் கலந்திருந்தார்கள். 2003-இலேயே ஐரோப்பாவில் இது பிடிபட்டதால், ஏற்றுமதியாகும் வத்தலுக்குச் சாயப் பரிசோதனையை நறுமணப் பொருள் வாரியம் கட்டாயமாக்கியது. தரையில் காயும்போது பூஞ்சை பிடித்து உண்டாகும் அஃப்லடாக்சின் நஞ்சுக்கும் பரிசோதனை உண்டு. லண்டன் வீட்டுக்குப் போகிற வத்தல் மூட்டை ஆய்வுக்கூடம் ஏறி இறங்குகிறது. நரிக்குடிக் கடை வாசலில் தொங்கும் ஐந்து ரூபாய்ப் பொடிக்கு அந்தக் கவனம் கிடைப்பதில்லை. சட்டம் இல்லாமல் இல்லை. சென்னை மாகாணம் 1918-இலேயே கலப்படத் தடைச் சட்டம் போட்டது, 1954-இல் மத்தியச் சட்டம் வந்தது, 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. சட்டப் புத்தகத்துக்கும் கிராமத்துக் கடைக்கும் நடுவில் உள்ள தூரம்தான் பெரிது.

இந்த நிலத்துச் சரக்கின் மதிப்பு வெளியே தெரியாமல் இல்லை. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நகரத்துச் சிறுதானியக் கடைகளில் குதிரைவாலி நல்ல பொன்னி அரிசியைவிடக் கூடுதல் விலைக்கு விற்கிறது. ஒரு தலைமுறைக்கு முன் ஏழையின் சோறு என்று ஒதுக்கியதைச் சர்க்கரை நோய்க்காரர்கள் தேடி வாங்குகிறார்கள். விதைத்தவர் வீட்டில் மட்டும் அது இல்லை.

இதை மாற்ற வழி இல்லாமல் இல்லை. 2023 மே மாதம் முதல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷன் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கும் திட்டத்தை அரசு தொடங்கியது. அந்தந்த மண்ணின் தானியம் அந்தந்த மக்களின் தட்டுக்கு என்ற எண்ணத்தில் பிறந்த நல்ல திட்டம். அதையே திருச்சுழி, நரிக்குடி வட்டாரத்தில் குதிரைவாலிக்குச் செய்யலாம். கூட்டுறவுச் சங்கம் சம்சாரியிடம் நேராகக் கொள்முதல் செய்து, உமி நீக்கும் இயந்திரம் ஒன்றை ஒன்றியத்துக்குள்ளேயே வைத்து, சுத்தம் செய்ததை அதே சங்கத்தின் ரேஷன் கடையில் கொடுத்தால், பெண்களுக்கு உரலும் உலக்கையும் திரும்ப வராது, தானியம் மட்டும் திரும்ப வரும். கடை வத்தல்பொடியை மாதத்துக்கு ஒரு முறையாவது எடுத்துச் சோதித்து, முடிவைக் கடைச் சுவரில் ஒட்ட வேண்டும். ரேஷன் கடையில் எடை போடுவதற்கு முன் மூட்டையில் ஒரு பிடி அள்ளிப் பார்க்க வாங்குகிறவருக்கு உரிமை வேண்டும். இந்த மூன்றையும் அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் தீர்மானமாகப் போட்டு மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள்.